மேகத்தூணும் நெருப்புத்தூணும்: பாலைநிலப் பயணத்தில் இறைவனின் உடனிருப்பு



ஓரேபு மலையிலிருந்து காதேசு பர்னேயாவுக்கு நடந்து செல்ல 11 நாள்கள் போதும் என்று இணைச்சட்ட நூல் தன் தொடக்கத்திலேயே கணக்குச் சொல்கிறது (இச 1:2). ஆனால் அடுத்த வசனத்தில் நாம் காண்பது நாற்பதாம் ஆண்டு! 11 நாள் பயணத் தொலைவில் வாக்களிக்கப்பட்ட நாட்டின் வாசல் இருந்தும், இஸ்ரயேல் மக்கள் 40 ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்தார்கள். இந்த நீண்ட காலத்தில் அவர்கள் பலமுறை வழி தவறினார்கள், முறுமுறுத்தார்கள், கலகம் செய்தார்கள். ஆயினும் ஆண்டவர் அவர்களைக் கைவிடவில்லை.

விடுதலைப் பயணம், எண்ணிக்கை, இணைச்சட்டம் ஆகிய நூல்களில் விரியும் இந்த வரலாற்றின் நடுவே ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது: ஆண்டவர் உண்மையிலேயே நம்மோடு இருக்கிறாரா? நோயிலும் கடனிலும், குடும்பத்தின் பிரச்சனைகளிலும் நாமும் கேட்கின்ற கேள்வி இது. எனவே அந்தப் பயணத்தில் கடவுள் எவ்வாறு உடனிருந்தார், எவ்வாறு வழிநடத்தினார் என்பதைத் திருநூலின் ஒளியில் சற்று விரிவாகக் காண்போம்.

1. குறுக்கு வழியை விலக்கிய இறைவன்

எகிப்திலிருந்து கானான் நாட்டுக்குச் செல்ல மிகக் குறுகிய வழி, கடற்கரையை ஒட்டிய வழியாகும். விவிலியம் அதைப் பெலிஸ்தியர் நாட்டு வழி என்று குறிப்பிடுகிறது. எகிப்தியர் இதனை 'ஓருசின் வழி' என்று அழைத்தனர். இந்தச் சாலை நெடுகிலும் எகிப்தின் கோட்டைகள் இருந்தன. கர்னாக் கோவிலில் முதலாம் சேத்தி மன்னனின் சுவர்ச் சிற்பங்களில் அக்கோட்டைகளை இன்றும் காணலாம்.

கடவுள் தம் மக்களை இவ்வழியே நடத்திச் செல்லவில்லை. போரைக் கண்டதும் அவர்கள் மனம் மாறி எகிப்துக்கே திரும்பிவிடக் கூடும் என்பதே காரணம் என்கிறது திருநூல் (விப 13:17-18). தலைமுறை தலைமுறையாக அடிமைகளாய் இருந்தவர்கள் ஒரே இரவில் வீரர்களாக மாறிவிட முடியாது. அவர்களுடைய பலவீனத்தை அறிந்த தந்தையாகவே கடவுள் அவர்களைப் பாலைநிலத்தின் வழியாகச் சுற்றிச் செல்ல வைத்தார். சுற்று வழியும் வழிநடத்துதலே என்பது இப்பயணம் தரும் முதல் பாடம். மக்களுக்கோ அந்தக் காரணம் அப்போது சொல்லப்படவில்லை. நமக்கும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

மோசே புறப்படும்போது யோசேப்பின் எலும்புகளைத் தம்மோடு எடுத்துச் சென்றார் (விப 13:19). கடவுள் ஒருநாள் உங்களைச் சந்திக்க வருவார் என்று யோசேப்பு தம் சகோதரர்களிடம் உறுதியாகச் சொல்லி, அந்நாளில் தம் எலும்புகளையும் கொண்டுபோகுமாறு ஆணையிட்டிருந்தார் (தொநூ 50:24-25). ஆகவே அந்த மக்கள் கூட்டத்தில் ஒரு பழைய வாக்குறுதியும் சேர்ந்தே பயணம் செய்தது.

2. பகலில் மேகம், இரவில் நெருப்பு

சுக்கோத்திலிருந்து புறப்பட்ட மக்கள் பாலைநிலத்தின் ஓரத்தில் ஏத்தாம் என்னுமிடத்தில் பாளையம் இறங்கினார்கள். அங்கேதான் மேகத்தூணையும் நெருப்புத்தூணையும் பற்றி முதன்முதலாக வாசிக்கிறோம். பகலில் மேகத்தூணிலும் இரவில் நெருப்புத்தூணிலும் ஆண்டவர் அவர்களுக்கு முன்னே சென்றார். இவ்விரண்டும் மக்கள் முன்னின்று விலகவே இல்லை (விப 13:20-22).

பாலைநிலத்தின் இயல்பை அறிந்தவர்கள் இந்த அடையாளத்தின் பொருத்தத்தை எளிதில் உணர்வார்கள். பகலில் சுட்டெரிக்கும் வெயில். அங்கே மேகம் என்றால் நிழல். இரவில் கடும் குளிரும் இருளும்; அங்கே நெருப்பு என்றால் வெளிச்சமும் வெப்பமும். இவை இருந்ததால் பகலிலும் இரவிலும் அவர்களால் நடக்க முடிந்தது. ஆண்டவர் மேகத்தைத் தம் மக்கள்மேல் விரிப்பாகப் பரப்பினார் என்று திருப்பாடல் 105 இதனை நினைவுகூர்கிறது.

மேகம் காட்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். கடவுள் அருகில் இருக்கிறார் என்பதை அது காட்டியது. ஆனால் அவரைக் கண்ணால் காணவோ கையால் பிடிக்கவோ முடியாது என்பதையும் அதுவே உணர்த்தியது. எகிப்தில் எங்கும் தெய்வச் சிலைகளைக் கண்டு வளர்ந்த மக்களுக்கு இது புதுமையான பாடம். உருவம் இல்லாத ஒருவர் முன்னே செல்கிறார். அவரை நம்பிப் பின்செல்ல வேண்டும்.

செங்கடல் ஓரத்தில் இந்தத் தூண் இன்னொரு பணியையும் செய்தது. பார்வோனின் தேர்கள் பின்தொடர்ந்து வந்தபோது, முன்னே சென்ற மேகத்தூண் இடம் மாறிப் பின்னே வந்து நின்றது. எகிப்தியர் அணிவகுப்புக்கும் இஸ்ரயேல் அணிவகுப்புக்கும் இடையே அது அரணாக அமைந்தது. இரவு முழுவதும் ஒருவர் மற்றவரை நெருங்கவில்லை (விப 14:19-20). வழிகாட்ட முன்னே செல்பவர், காப்பதற்காகப் பின்னேயும் வருகிறார். எசாயா இறைவாக்கினர் பின்னாளில் பாபிலோனிலிருந்து திரும்பும் மக்களுக்கு ஆறுதல் கூறும்போது, ஆண்டவர் முன்னும் பின்னும் காவலாய் வருவதைக் குறிப்பிட்டது இந்த நினைவில்தான் (எசா 52:12).

3. மாசாவில் எழுந்த கேள்வி

கடலைக் கடந்து மூன்று நாள் நடந்ததும் குடிக்கத் தண்ணீர் இல்லை. மாராவில் கிடைத்த தண்ணீரோ கசந்தது. ஆண்டவர் காட்டிய மரத்துண்டை மோசே அதில் எறிந்ததும் அது இனிய நீராயிற்று. அடுத்து வந்த ஏலிமில் 12 நீரூற்றுகளும் 70 ஈச்ச மரங்களும் இருந்தன (விப 15:22-27). கசப்புக்குப் பின் இனிமை, வறட்சிக்குப் பின் நிழல் என்று பயணம் தொடர்ந்தது.

புறப்பட்ட இரண்டாம் மாதத்தின் 15-ஆம் நாள் அவர்கள் சீன் பாலைநிலத்தை அடைந்தார்கள். அங்கே பசி வாட்டியது. எகிப்தில் இறைச்சிப் பாத்திரங்களின் அருகில் அமர்ந்து வயிறார உண்டதை நினைத்து அவர்கள் முறுமுறுத்தார்கள். ஆண்டவர் மாலையில் காடைகளையும் காலையில் மன்னாவையும் தந்தார் (விப 16). தரையில் பனிப்படலம் போல் கிடந்ததைக் கண்டு 'இது என்ன?' என்று அவர்கள் எபிரேயத்தில் கேட்ட கேள்வியே மன்னா என்ற பெயராயிற்று.

மன்னாவைச் சேகரிப்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஆளுக்கு ஓர் ஓமர். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே சேகரிக்க வேண்டும். மறுநாளுக்கென்று வைத்தால் புழுத்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு. ஏழாம் நாள் ஓய்வு. அதிகம் சேகரித்தவருக்கு மிஞ்சவுமில்லை, குறைவாகச் சேகரித்தவருக்குக் குறைவுபடவுமில்லை. எகிப்தில் பார்வோனுக்காகக் களஞ்சிய நகர்களைக் கட்டிய மக்கள், குவித்து வைக்காமல் வாழப் பாலைநிலத்தில் பயிற்சி பெற்றார்கள். அன்றாட உணவுக்காக மன்றாட இயேசு நமக்குக் கற்றுத்தந்த வேண்டலின் வேர் இங்கே இருக்கிறது.

இதன் பின்னும் இரபிதிமில் தண்ணீர் இல்லாதபோது மக்கள் மோசேயோடு வாதாடினார்கள். ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறாரா, இல்லையா என்று அவர்கள் அவரைச் சோதித்தார்கள். பாறையிலிருந்து தண்ணீர் வந்தது. ஆனால் அந்த இடத்தின் பெயரோ மாசா (சோதனை) என்றும் மெரிபா (வாதாட்டம்) என்றும் நிலைத்துவிட்டது (விப 17:1-7).

தாகம் எடுத்தவர்கள் தண்ணீர் கேட்டது குற்றமில்லை. மோசேயும் பலமுறை ஆண்டவரிடம் முறையிட்டிருக்கிறார். திருப்பாடல்களில் அழுகையும் முறையீடும் நிறையவே உண்டு. குற்றம் எங்கே என்றால், நாங்கள் கேட்டது கிடைத்தால்தான் நீர் இருக்கிறீர் என்று கடவுளுக்கே நிபந்தனை விதித்ததில்தான். கடல் பிளந்ததைக் கண்டவர்கள், மன்னாவை உண்டுகொண்டிருந்தவர்கள், ஒரு நாள் தாகத்தில் அத்தனையையும் மறந்தார்கள். திருச்சபையின் திருப்புகழ்மாலையில் நாள்தோறும் அழைப்புப் பாடலாக விளங்கும் திருப்பாடல் 95, மெரிபாவையும் மாசாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நம் இதயங்களைக் கடினப்படுத்த வேண்டாமென எச்சரிப்பது இதனால்தான்.

4. நீர் வராவிட்டால் எங்களை அனுப்பாதீர்

இப்பயணத்தின் மிக ஆபத்தான கட்டம் சீனாய் மலையடிவாரத்தில் வந்தது. மோசே மலைமேல் 40 நாள் தங்கியிருந்தபோது மக்கள் பொறுமை இழந்தார்கள். தங்களுக்கு முன்னே செல்ல ஒரு தெய்வம் வேண்டுமென்று ஆரோனிடம் கேட்டு, பொற்கன்றைச் செய்துகொண்டார்கள் (விப 32). கண்ணுக்குத் தெரிகிற, தங்கள் விருப்பம்போல் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு தெய்வம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அதன்பின் ஆண்டவர் சொன்னது இடி போன்ற செய்தி. வாக்களித்த நாட்டை அவர்களுக்குக் கொடுப்பார், வழிநடத்த ஒரு தூதரை அனுப்புவார், பகைவரையும் விரட்டுவார். ஆனால் அவர் மட்டும் உடன் வரமாட்டார். அவர்கள் வணங்காக் கழுத்துள்ள மக்கள். வழியில் அவர்களை அழித்துவிட நேரிடும் என்பதே காரணம் (விப 33:1-3).

எல்லாம் கிடைக்கும், கடவுள் மட்டும் இருக்கமாட்டார்! பலருக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்திருக்கும். நாடு கிடைக்கிறது, பாலும் தேனும் கிடைக்கிறது, பாதுகாப்பும் கிடைக்கிறது. மோசே இதற்கு இணங்கவில்லை. நீர் எங்களோடு வராவிட்டால் எங்களை இங்கிருந்து போகச் செய்யாதீர் என்று மன்றாடினார். மற்ற எல்லா மக்களினங்களிலிருந்தும் இஸ்ரயேலை வேறுபடுத்துவது ஆண்டவர் உடன் வருவது ஒன்றே என்று வாதாடினார் (விப 33:12-16). இங்கே 'திருமுன்' என்று பொருள்படும் எபிரேயச் சொல் 'பானிம்'. அதன் நேர்ப்பொருள் 'முகம்'. மோசே கேட்டது கடவுளின் கொடைகளை அல்ல, அவருடைய முகத்தையே.

அடுத்த அதிகாரத்தில் வியப்பான ஒன்றைக் காண்கிறோம். கடவுள் உடன் வராமைக்குச் சொன்ன காரணம், அவர்கள் வணங்காக் கழுத்துள்ளவர்கள் என்பது. மோசேயோ அதே காரணத்தைச் சொல்லித்தான் அவரை உடன்வர அழைக்கிறார்: இவர்கள் வணங்காக் கழுத்துள்ளவர்கள், ஆகவே, ஆண்டவரே, நீர் எங்கள் நடுவில் வந்து எங்களை மன்னியும் என்று வேண்டுகிறார் (விப 34:9). பாவம் கடவுளை விரட்டிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். பாவிகளாய் இருப்பதால்தான் அவர் நமக்கு இன்னும் அதிகம் தேவை என்பதே மோசேயின் வேண்டல். ஆண்டவர் அதை ஏற்று உடன்படிக்கையைப் புதுப்பித்தார்.

நிசா நகர் ஆயரான புனித கிரகோரியார், 4-ஆம் நூற்றாண்டில் மோசேயின் வாழ்வைப் பற்றி எழுதிய நூலில், மோசே கடவுளின் பின்புறத்தை மட்டுமே கண்ட நிகழ்வுக்கு (விப 33:23) அழகான விளக்கம் தருகிறார். ஒருவருக்குப் பின்னால் நடப்பவர் அவருடைய முதுகைத்தான் காண்பார். எனவே கடவுளைக் காண்பது என்பது அவர் நடத்திச் செல்லும் இடமெல்லாம் அவரைப் பின்செல்வதே என்கிறார்.

5. மக்கள் நடுவே ஒரு கூடாரம்

விடுதலைப் பயண நூலின் பிற்பகுதியில் திருஉறைவிடத்தின் அளவுகளும் பொருள்களும் நீளமாக விவரிக்கப்படுகின்றன. பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. ஆனால் அதன் அமைப்பில் ஒரு செய்தி இருக்கிறது. உறைவிடத்தைக் குறித்த கட்டளைகள் 25 முதல் 31 வரையுள்ள அதிகாரங்களில் உள்ளன. அது கட்டப்பட்டது 35 முதல் 40 வரை சொல்லப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது பொற்கன்றும் மன்னிப்பும். ஆகவே கடவுளின் கூடாரம் எழுந்தது மன்னிக்கப்பட்ட மக்களின் நடுவே!

அந்த உறைவிடத்தைச் செய்யச் சொன்னதன் நோக்கம், ஆண்டவர் மக்கள் நடுவில் தங்குவது (விப 25:8). 'மிஷ்கான்' என்ற எபிரேயச் சொல்லுக்குத் தங்குமிடம் என்று பொருள். பிற்கால யூதர்கள் இறைப்பிரசன்னத்தைக் குறிக்கப் பயன்படுத்திய 'செக்கினா' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது.

உடன்படிக்கைப் பேழையின் நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். பொன் தகடு வேயப்பட்ட அதன் இரு புறங்களிலும் வளையங்கள், அவற்றில் தண்டுகள். இந்தத் தண்டுகளை ஒருபோதும் கழற்றக்கூடாது என்பது கட்டளை (விப 25:15). பேழை எப்போதும் புறப்படத் தயார் நிலையில் இருந்தது. ஓரிடத்தில் கட்டிப்போட முடியாத கடவுள், தம் மக்கள் செல்லுமிடமெல்லாம் தாமும் செல்லச் சித்தமாயிருந்தார்.

எகிப்தை விட்டு வெளியேறிய இரண்டாம் ஆண்டின் முதல் மாதம் முதல் நாள் திருஉறைவிடம் எழுப்பப்பட்டது. மேகம் அதனை மூடியது; ஆண்டவரின் மாட்சி அதனை நிரப்பியது; மோசேயால்கூட உள்ளே நுழைய முடியவில்லை (விப 40:17, 34-35). பாளையத்தின் அமைப்பும் இதையொட்டியே இருந்தது. கிழக்கே யூதா, தெற்கே ரூபன், மேற்கே எப்ராயிம், வடக்கே தாண் ஆகியோர் தலைமையில் பக்கத்துக்கு மூன்று குலங்கள். நடுவே லேவியரும் சந்திப்புக் கூடாரமும் (எண் 2). எந்தக் கூடார வாசலில் நின்று பார்த்தாலும் நடுவில் இறைவனின் உறைவிடம் தெரிந்தது.

தொடக்கத்தில் மக்களுக்கு முன்னே நடந்த தூண், இப்போது அவர்கள் நடுவே உள்ள கூடாரத்தின்மேல் தங்கும் மேகமாகிறது. இவை வெவ்வேறு மரபுகளிலிருந்து வந்தவை என்று விவிலிய அறிஞர்கள் கூறுகின்றனர். இரண்டையும் அருகருகே வைத்த திருநூல், இறைவன் முன்செல்பவர், உடனுறைபவர் என்ற இரு உண்மைகளையும் நமக்குத் தருகிறது.

6. எழும்போது நடக்கவும் நிற்கும்போது காத்திருக்கவும்

எண்ணிக்கை நூலின் 9-ஆம் அதிகாரம், மேகம் எழும்பினால் மக்கள் புறப்பட்டதையும், மேகம் தங்கினால் பாளையம் இறங்கியதையும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சில வேளை மேகம் மாலை முதல் காலை வரை மட்டுமே தங்கியது. சில வேளை இரண்டு நாள், ஒரு மாதம், இன்னும் நீண்ட காலம் (எண் 9:15-23).

மாலையில் கூடாரம் அடித்துக் குழந்தைகளைத் தூங்க வைத்த தாய், காலையில் மீண்டும் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்ட வேண்டியிருந்தது. வேறு சமயம், புறப்பட ஆவலாயிருந்தவர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. சீனாயில் மட்டும் ஏறத்தாழ 11 மாதங்கள் தங்கினார்கள் (விப 19:1, எண் 10:11). அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்பது எவருக்கும் தெரியாது. கடவுள் அவர்களுக்கு ஒரு வரைபடத்தைக் கொடுக்கவில்லை. தம்மையே வழித்துணையாகக் கொடுத்தார். வரைபடம் இருந்திருந்தால் அவரைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. காத்திருந்த நாள்களும் பயணத்தின் பகுதியே. சட்டம், உடன்படிக்கை, வழிபாடு எல்லாம் இஸ்ரயேலுக்குக் கிடைத்தது சீனாயில் தங்கியிருந்த அந்த மாதங்களில்தான்.

7. மேகம் இருந்தும் மனிதர் வேண்டும்

மேகம் வழிகாட்டிக்கொண்டிருந்தபோதே மோசே ஓர் ஆளிடம் உதவி கேட்டார். மிதியானைச் சேர்ந்த ஓபாபு பாலைநிலத்தை நன்கு அறிந்தவர். எங்கே பாளையம் இறங்கலாம் என்று தெரிந்தவர். ஆகவே எங்களுக்குக் கண்களாக இரும் என்று மோசே அவரைக் கெஞ்சிக் கேட்டார் (எண் 10:29-32). ஆண்டவரின் மேகம் இருக்கும்போது மனிதரின் அனுபவம் எதற்கு என்று மோசே நினைக்கவில்லை.

இதற்கு முன்பே மோசேயின் மாமனார் இத்திரோ, நீதி வழங்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுமாறு அறிவுரை கூறியிருந்தார் (விப 18). பின்னர் 70 மூப்பர்களுக்கு ஆவி பகிர்ந்தளிக்கப்பட்டது (எண் 11). புறப்பாட்டை அறிவிக்க ஆரோனின் புதல்வர்கள் இரண்டு வெள்ளி எக்காளங்களை ஊதினார்கள் (எண் 10:1-8). மேகம் எழுவதைக் காண்பது ஒன்று. முதியவர், நோயாளர், குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து நகருமாறு ஒழுங்கு செய்வது இன்னொன்று. இரண்டும் தேவைப்பட்டன. இறைவனை நம்புகிறேன் என்று சொல்லி மருத்துவரையோ, அனுபவசாலிகளையோ, நல்ல ஆலோசனையையோ தள்ளிவிடுவது திருநூல் காட்டும் நம்பிக்கை ஆகாது.

8. காதேசில் நேர்ந்த தோல்வி

பாரான் பாலைநிலத்திலுள்ள காதேசிலிருந்து 12 பேர் கானான் நாட்டை உளவு பார்க்கச் சென்று 40 நாள் கழித்துத் திரும்பினார்கள். நாடு நல்லது, ஆனால் மக்கள் வலிமை மிக்கவர்கள் என்று பத்துப் பேர் அச்சமூட்டினார்கள். காலேபும் யோசுவாவும் மட்டும் ஆண்டவர் நம்மோடு இருக்கிறார் என்று துணிவூட்டினார்கள். மக்களோ எகிப்துக்குத் திரும்பிவிடத் தலைவன் ஒருவனைத் தேட முனைந்தார்கள். அந்தத் தலைமுறை நாட்டுக்குள் நுழையாது என்ற தீர்ப்பு அன்று வந்தது (எண் 13-14).

தீர்ப்பைக் கேட்டதும் அவர்கள் மனம் மாறி மறுநாள் காலையில் போருக்குப் புறப்பட்டார்கள். மோசே தடுத்தும் கேட்கவில்லை. உடன்படிக்கைப் பேழையோ பாளையத்தை விட்டு நகரவில்லை, மோசேயும் நகரவில்லை. அவர்கள் ஓர்மா வரை முறியடிக்கப்பட்டார்கள் (எண் 14:40-45). ஆண்டவர் போகச் சொன்னபோது அஞ்சி நின்றார்கள். நிற்கச் சொன்னபோது துணிந்து போனார்கள். இரண்டிலும் அவர்கள் நம்பியது தங்கள் கணிப்பையே.

இந்த வரலாறு எளிதானதன்று. காதேசிலிருந்து செரேது ஓடையைக் கடக்கும்வரை 38 ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் அந்தத் தலைமுறையின் போர்வீரர் அனைவரும் மடிந்தனர் (இச 2:14). மிரியாம் காதேசில் இறந்தார். ஆரோன் ஓர் மலையில் இறந்தார். மோசேயும் நெபோ மலையிலிருந்து நாட்டைக் கண்ணால் கண்டாரேயன்றிக் காலால் மிதிக்கவில்லை. இறைவனின் உடனிருப்பு நம் செயல்களின் விளைவுகளை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை.

ஆனாலும் கவனியுங்கள்: தீர்ப்பு பெற்ற அந்த 38 ஆண்டுகளிலும் மன்னா நிற்கவில்லை! நாட்டைக் காணமாட்டார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் காலைதோறும் உணவு கிடைத்தது. அவர்கள் ஆடைகள் நைந்துபோகவில்லை, காலடிகள் வீங்கவில்லை (இச 8:4). தண்டித்தபோதும் தந்தை பிள்ளைக்குச் சோறு போடாமல் இருந்ததில்லை. கில்காலில் நாட்டின் விளைச்சலை உண்ட மறுநாள்தான் மன்னா நின்றது (யோசு 5:10-12).

9. பின்னோக்கிப் பார்த்தபோது புரிந்தது

நடக்கும்போது முறுமுறுப்பாக இருந்த பயணம், திரும்பிப் பார்த்தபோது நன்றியாக மாறியது. தந்தை தன் மகனைத் தூக்கிச் செல்வதுபோல் ஆண்டவர் வழியெல்லாம் சுமந்து வந்தார் என்கிறது இணைச்சட்டம் (இச 1:31). குஞ்சுகளைத் தன் சிறகுகளில் சுமக்கும் கழுகின் உருவகத்தையும் அதே நூல் தருகிறது (இச 32:11). பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் ஒன்றுகூடிப் பாவ அறிக்கை செய்தபோது, பொற்கன்றைச் செய்த பின்னும் மேகத்தூண் தங்கள் முன்னோரைவிட்டு விலகவில்லை என்பதை நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார்கள் (நெகே 9:18-20). சாலமோனின் ஞானம், அந்தப் பயணத்தில் பகலில் நிழலாகவும் இரவில் விண்மீன் ஒளியாகவும் இருந்தது இறைஞானமே என்கிறது (சாஞா 10:17). ஓசேயாவோ பாலைநிலத்தை ஆண்டவர் தம் மக்களின் நெஞ்சோடு பேசும் இடமாகக் காண்கிறார் (ஓசே 2:14).

10. கிறிஸ்துவில் நிறைவு

வாக்கு மனிதரானார் என்று அறிவிக்கும் யோவான், அவர் நம்மிடையே குடிகொண்டதைச் சொல்ல, கூடாரம் அடித்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார் (யோவா 1:14). திருஉறைவிடத்தின்மேல் மேகம் நிழலிட்டதைக் குறிக்கக் கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள அதே சொல்லை, உன்னத கடவுளின் வல்லமை மரியாவின்மேல் நிழலிடும் என்ற வானதூதரின் செய்தியில் லூக்கா கையாள்கிறார் (லூக் 1:35). மரியாவை உடன்படிக்கையின் பேழை என்று மன்றாட்டு மாலையில் நாம் அழைப்பதன் பின்னணி இதுவே.

தோற்றமாற்ற மலையில் மோசேயும் எலியாவும் இயேசுவின் 'விடுதலைப் பயணம்' பற்றியே பேசினார்கள். அங்கும் ஒரு மேகம் நிழலிட்டது (லூக் 9:30-35). யோவான் நற்செய்தியில் கூடாரத் திருவிழாவை ஒட்டி இயேசு தம்மை உலகின் ஒளி என்று அறிவிக்கிறார். தம்மைப் பின்செல்பவர் இருளில் நடவார் என்கிறார் (யோவா 8:12). அத்திருவிழாவில் எருசலேம் கோவிலின் பெண்கள் முற்றத்தில் பெரிய விளக்குகள் ஏற்றப்பட்டதாக யூத மரபு கூறுகிறது. இரவில் வழிகாட்டிய நெருப்புத்தூண் கேட்டவர்களின் நினைவுக்கு வந்திருக்கும். மன்னாவை உண்ட முன்னோர் இறந்தனர். தாமே வாழ்வு தரும் உணவு என்று அவர் கூறியதை யோவான் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தூய பவுலும் மேகத்தின்கீழ் நடந்து கடலைக் கடந்ததைத் திருமுழுக்கோடு ஒப்பிட்டு, தண்ணீர் தந்த பாறை கிறிஸ்துவே என்று விளக்குகிறார் (1கொரி 10:1-4).

11. நம் வழிபாட்டில் தொடரும் பயணம்

பாஸ்கா திருவிழிப்பில் விளக்குகள் அணைக்கப்பட்ட ஆலயத்துக்குள் எரியும் பாஸ்கா திரி முன்னே செல்ல, நாம் பின்செல்கிறோம். அது வெறும் சடங்கு ஊர்வலமன்று. நெருப்புத்தூணுக்குப் பின்னே நடந்த மக்களின் பயணம். அன்றிரவு வாசிக்கப்படும் பழைய ஏற்பாட்டு வாசகங்களில் செங்கடலைக் கடந்த பகுதியை எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. மேகமும் ஒளியும் தூய ஆவியாரின் அடையாளங்கள் எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எண் 697 கற்பிக்கிறது.

நற்கருணையை வைக்கும் இடத்தைத் தமிழில் நற்கருணைப் பேழை என்கிறோம். இலத்தீனிலோ அதன் பெயருக்குக் 'கூடாரம்' என்று பொருள். பாலைநிலத்துப் பேழையும் கூடாரமும் இவ்விரு சொற்களிலும் வாழ்கின்றன. அதனருகே அணையாமல் எரியும் விளக்கு, மாசாவில் எழுந்த கேள்விக்கான விடை: ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறார். இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு வழங்கப்படும் நற்கருணையை வழியுணவு என்கிறோம். பயணத்தின் கடைசிக் கட்டத்திலும் மன்னா நிற்பதில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் யூபிலி ஆண்டில் திருப்பயணியாகப் பிப்ரவரியில் சீனாய் மலையடிவாரத்துக்கும், மார்ச்சில் நெபோ மலைக்கும் சென்றார். முதுமையும் நோயும் வாட்டிய நிலையில், மோசே நின்று பார்த்த அதே மலையில் அவரும் நின்றார். நாம் தொடங்கியதையெல்லாம் நாமே முடித்துக் காண்போம் என்பதற்கு உறுதியில்லை. நம்மை நடத்தி வந்தவர் நமக்குப் பின்னும் தம் மக்களை நடத்துவார் என்பதே உறுதி.

சிந்தனைக்கு

(குடும்ப செபத்திலும் அன்பியக் கூட்டங்களிலும் பயன்படுத்தலாம்)

1. என் வாழ்வில் கடவுள் குறுக்கு வழியை அடைத்துச் சுற்று வழியில் நடத்தியதாக இன்று நான் உணரும் நிகழ்வு எது?

2. நான் தேடுவது கடவுளின் கொடைகளையா, அவருடைய முகத்தையா? அவர் இல்லாமல் எல்லாம் கிடைத்தால் நான் மனநிறைவு அடைவேனா?

3. மேகம் நிற்கும் காலத்தில், அதாவது காத்திருக்க வேண்டிய நாள்களில், நான் என்ன செய்கிறேன்?

4. பாலைநிலத்தில் தவிக்கும் ஒருவருக்கு ஓபாபுவைப் போல் நான் கண்களாக இருக்க முடியுமா?

மன்றாடுவோம்

பாலைநிலத்தில் உம் மக்களோடு நடந்த ஆண்டவரே, நாங்களும் வணங்காக் கழுத்துள்ளவர்களே; ஆகவே நீர் எங்கள் நடுவில் வாரும். எங்கள் பகலுக்கு நிழலும் இரவுக்கு வெளிச்சமும் நீரே. நீர் நடக்கும்போது நடக்கவும், நீர் நிற்கும்போது பொறுமையோடு காத்திருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். வழியில் சோர்ந்து விழுவோரைத் தாங்கும் கரங்களாய் எங்களை ஆக்கியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.